பொதுவில் யார்? புத்தகப் பட்டியல்கள் பற்றிச் சில குறிப்புகள்

1

கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் நடுவிலுள்ள ஓர் ஊரின் காலனியில் தோழர்கள் சிலர் படிப்பகம் ஒன்று தொடங்கினார்கள். ரேஷன் கடையை ஒட்டிச் சும்மா கிடந்த ஒற்றை அறை. வெள்ளையடித்து, டியூப் லைட் மாட்டி, தச்சரிடம் சொல்லி ரெண்டு அலமாரியும் செய்தாயிற்று. வசூலான பணத்தில் புத்தகத்துக்கென்று 30,000 ரூபாய் ஒதுக்கினார்கள். 'நீங்கதான் தமிழ் எம்.ஏ. படிச்சவரு, லிஸ்ட்டு நீங்களே போட்டுக் குடுத்துருங்க' என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். இந்த மாதிரி வேலை என்றால் நமக்குக் கொண்டாட்டம்தான். ஒரே ராத்திரியில் உட்கார்ந்து போட்டுவிட்டேன்.

ஆறு தலைப்புகள். குழந்தைகளுக்கு, பெண்களுக்கு, மாணவர்களுக்கு, உழைப்பாளிகளுக்கு, பொது வாசகருக்கு, தீவிர வாசகருக்கு. ஒவ்வொன்றிலும் புனைவு, அபுனைவு என்று இரண்டு கட்டம். எல்லா வகை வாசகருக்கும் எல்லா வகைப் புத்தகமும் வைத்தாயிற்று என்ற பெருமிதத்தோடு கூட்டத்தில் வாசித்தேன்.

முடித்ததும் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிற ஒரு அக்கா கேட்டார்: 'பொம்பளைகளுக்குன்னு போட்டிருக்கத நாங்க படிக்கணும். சரி தம்பி. பொதுன்னு ஒண்ணு போட்டிருக்கீகளே, அத யாரு படிக்கிறது?'

சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். 'பொதுன்னா எல்லாரும்தான்க்கா' என்றேன். 'அதுல நாங்களும் இருக்கோம்னா எங்களுக்குத் தனியா எதுக்கு?' என்றார். என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பெண்களுக்கு என்ற தலைப்பின் கீழே ராஜம் கிருஷ்ணன், அம்பை, பாமா, சல்மா. கூடவே சமையலும் குழந்தை வளர்ப்பும். தீவிர வாசகருக்கு என்ற தலைப்பின் கீழே 22 நூல்கள். அதில் ஒரு பெண் எழுதியது ஒன்றுகூட இல்லை. உழைப்பாளிகளுக்கு என்று ஒதுக்கியதில் கவிதையே கிடையாது. வேலை செய்கிறவனுக்குக் கவிதை எதுக்கு என்று யாராவது மேடையில் பேசியிருந்தால் முதலில் எழுந்து சண்டை போட்டிருக்கக்கூடியவன் நான். பெண்ணியம், தலித்தியம் என்று பத்து வருசமாகப் பேசியும் எழுதியும் வருகிற ஒருவனுடைய கை, யோசிக்காமல் எழுதினால் இப்படித்தான் எழுதுகிறது.

ஆகவே இக்கட்டுரை முதலில் அந்தப் பட்டியலின் மீதான விமர்சனம். பிறகு, அந்தப் பட்டியலை என் கைவழியே எழுதிய மரபின் மீதான விமர்சனம். சொல்ல வருவது இதுதான்: வாசகர்வாரியாகப் புத்தகங்களைப் பிரித்துக் கொடுக்கிற பட்டியல் ஆட்களைப் பிரிக்கிறது. யார் எதைப் படிக்கத் தக்கவர் என்று தீர்மானிக்கிற அதே மூச்சில், யார் எழுதியது இலக்கியம், யார் எழுதியது வெறும் சாட்சியம் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது.

2

தமிழில் பட்டியல் போடுவது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. பதினெண்மேற்கணக்கும் பதினெண்கீழ்க்கணக்கும் ஐம்பெருங்காப்பியமும் பட்டியல்கள்தான். ஐந்து காப்பியங்களில் வளையாபதியும் குண்டலகேசியும் முழுதாகக் கிடைக்கவில்லை. சில பாடல்கள்தான் மிச்சம். நூல் அழிந்தும் பட்டியலில் அதன் இடம் அழியவில்லை. இன்றைக்கும் போட்டித் தேர்வு எழுதுகிற பிள்ளை, முழுதாய்க் கண்ணால் காணமுடியாத அந்த நூலின் பெயரை எழுதி மதிப்பெண் வாங்குகிறது. படிக்கக் கிடைக்காத நூலுக்கே இடம்பிடித்துக் கொடுக்கிற ஆற்றல் பட்டியலுக்கு உண்டு என்றால், படிக்கக் கிடைக்கிற நூலைப் பார்வையிலிருந்து நீக்குகிற ஆற்றலும் அதற்கு உண்டு.

பட்டியல் குலைந்த கதையும் நம்மிடம் உண்டு. 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரை உ.வே. சாமிநாதையர் பார்க்கப் போனதை 'என் சரித்திரம்' விரிவாகச் சொல்கிறது. என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்குகிறார். முதலியார் அசரவில்லை. இதனால் என்ன பயன் என்கிறார். சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். மடத்தின் பாடத்திட்டம் என்ற பட்டியல் அந்த இடத்தில் உடைகிறது. 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வருகிறது. தமிழ் இலக்கிய வரலாறே திசைமாறியது என்று வகுப்பில் சொல்லித்தருகிறோம்.

வகுப்பில் சொல்லித்தராதது ஒன்று. பட்டியலைக் கேள்வி கேட்டவர் தமிழ்ப் புலவரல்லர், ஒரு வாசகர். ஆனால் சாதாரண வாசகருமல்லர், முன்சீப். அதனால்தான் கேள்வி காதில் விழுந்தது. அதே கேள்வியைத் தீப்பெட்டி ஆபீஸ் அக்கா கேட்டால் கூட்டத்தில் சிரிப்பு எழுகிறது. கேள்வியின் கனம் கேட்கிறவரின் நாற்காலியால் அளக்கப்படுகிறது என்பது நமது அறிவுத்துறையின் எழுதப்படாத விதி.

நவீன இலக்கியத்துக்கு வருவோம். பட்டியல் போடுவதை ஒரு விமர்சன முறையாகவே ஆக்கியவர் க.நா.சு. தொடர்கதைப் புகழும் கல்விப்புலத்தின் பழமையும் சேர்ந்து அழுத்திக்கொண்டிருந்த காலத்தில் 'படித்திருக்கிறீர்களா?' என்று கேட்டு அவர் சில நூல்களின் பெயர்களைத் திரும்பத் திரும்பச் சொன்னது துணிச்சலான காரியம். விற்பனை எண்ணிக்கை தரத்துக்கு அளவுகோல் ஆகாது என்று அந்தப் பட்டியல் அடித்துச் சொன்னது. இதை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் ஏன் இந்த நூல் என்று கேட்டால் கடைசியில் வந்து நின்ற பதில், ரசனை. ரசனையோ பயிற்சியால் வருவது. பயிற்சிக்கு ஓய்வு வேண்டும், வீடு வேண்டும், விளக்கு வேண்டும். அந்தக் கணக்கு பட்டியலுக்கு வெளியே நின்றது. 1968இல் கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' வந்தபோது அளவுகோல் மாறியது. சமூக உள்ளடக்கம் முன்னுக்கு வந்தது. ஆனால் அளவுகோலைப் பிடித்திருக்கிற கை ஒன்று உண்டு, அந்தக் கை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்ற கேள்வி அங்கும் எழவில்லை.

எழுந்தது தொண்ணூறுகளில். தலித் இலக்கியம், பெண்ணெழுத்து, விளிம்புநிலை என்ற சொல்லாடல்கள் வந்து, தரம் என்பதே அதிகாரத்தின் கட்டமைப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லின. பட்டியல்கள் ஆட்டம் கண்டன. பிறகு என்ன நடந்தது? பட்டியல்கள் சுதாரித்துக்கொண்டன. புதிதாக ஒரு கட்டம் போட்டு, 'தலித் இலக்கியம்' என்று தலைப்பெழுதி, எல்லாரையும் அதில் குடிவைத்தன. நடுவில் 'சிறந்த தமிழ் நாவல்கள்' அப்படியே இருந்தது. நடுவில் ஊர், ஒதுக்குப்புறத்தில் காலனி. பட்டியலின் வரைபடம் நமது கிராமத்தின் வரைபடமாகவே இருக்கிறது.

பொது என்ற சொல்லை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். பொதுக்கிணறு, பொதுக்குளம், பொதுப்பாதை, பொதுச் சுடுகாடு. தமிழ்நாட்டில் இந்தச் சொற்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் அடிதடியும் வழக்கும் உண்டு. பொது என்று பெயரிட்ட ஒன்றில் யாரெல்லாம் கால்வைக்க முடியாது என்பதுதான் அதன் நடைமுறைப் பொருளாக இருந்தது. 'பொது வாசகர்' என்ற சொல்லும் அந்த வகையறாவே. அந்தப் பொது வாசகரை நான் மனசுக்குள் எழுப்பிப் பார்த்தேன். ஆண், மாதச் சம்பளம் உள்ளவர், ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருக்கிறவர், யாரோ காப்பி கொண்டுவந்து கொடுக்கிற வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர். சாதியை நான் சொல்லத் தேவையில்லை.

3

அடுத்தது புனைவு, அபுனைவு என்ற இரட்டைக் கட்டம். கதை, கதையல்லாதது. எவ்வளவு அப்பாவித்தனமான பிரிவினை!

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. தன்வரலாறு என்றார்கள், நாவல் என்றார்கள், இரண்டுமில்லை என்றும் சொன்னார்கள். டூயி தசமப் பகுப்பின்படி தமிழ் இலக்கியத்துக்கு எண் 894.811. வாழ்க்கை வரலாறு என்றால் 920. 'கருக்கு' எந்த அலமாரியில் நிற்கும்? இது நூலகரின் தலைவலி மட்டுமில்லை. 920இல் நின்றால் அதன் மொழியைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அந்தப் பேச்சுநடை செய்கிற காரியம், நினைவு முன்னும் பின்னும் தாவுகிற விதம், கேலிக்குள் ஒளிந்திருக்கிற கோபம் எல்லாம் 'வாழ்க்கைத் தகவல்' ஆகிவிடும். பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறார் என்று உச்சுக்கொட்டிவிட்டு நகரலாம். அதே நேரத்தில் 'என் சரித்திரம்' தகவலாக மட்டும் படிக்கப்படுவதில்லை. அது உரைநடை, அது நடையழகு, அது பாடம். இரண்டும் தன்னைத் தானே எழுதிக்கொண்டவைதான். ஒன்றுக்கு நடை உண்டு, மற்றதற்கு வலி மட்டும் உண்டு என்று யார் பிரித்தது?

இன்னும் பின்னால் போகலாம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' 1936இல் வந்த நாவல். பொட்டுக்கட்டும் வழக்கத்தை உள்ளிருந்து அறிந்த ஒருத்தி, அதை ஒழிக்க வேண்டும் என்று எழுதியது. கலையாகவில்லை, பிரசாரம் என்று இலக்கியப் பட்டியல்கள் தள்ளின. நாவலாயிற்றே, ஆவணமாகுமா என்று வரலாற்றுப் பட்டியல்கள் ஒதுக்கின. இரண்டு கட்டத்துக்கும் நடுவில் விழுந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் கிடந்தது. கட்டங்களுக்கு நடுவில் விழுகிறவை எப்போதும் யாருடைய நூல்களாக இருக்கின்றன என்று எண்ணிப்பாருங்கள்.

இன்னொன்று. பி.எச். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்தவர். தேயிலைத் தொழிலாளர்களின் கதையை 1969இல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கி 2007இல் வந்தது. 2013இல் 'பரதேசி' என்று சினிமாவும் வந்தது. நெல்லைச் சீமையின் ஒரு கிராமத்திலிருந்து கங்காணியின் பேச்சை நம்பி மலையேறுகிற கருப்பனும் வள்ளியும் கற்பனைப் பாத்திரங்கள். முன்பணம், தோட்டக் கடை, காய்ச்சல், சாவு, கடன் கழியாத கணக்கு எல்லாம் நடந்தவை. தோட்டத்துக் கணக்குப் பேரேட்டில் இருப்பது அபுனைவு என்றால், அந்தப் பேரேட்டில் எழுதாமல் விட்டது புனைவில்தான் வர முடிந்தது.

கடைசியாக வெண்மணி. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. வசதியுள்ள மிராசுதார்கள், கார் வைத்திருக்கிறவர்கள், தாங்களே நடந்துபோய்த் தீவைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அத்தீர்ப்பின் வாதங்களில் ஒன்று. பாத்திரப் படைப்பு என்று எம்.ஏ.யில் படித்தோமே, அது இதுதான். இன்ன வகை மனிதன் இன்ன காரியத்தைச் செய்யமாட்டான் என்று தீர்மானித்து, அதிலிருந்து சம்பவத்தை முடிவு செய்வது. நாவலாசிரியன் செய்தால் புனைவு என்கிறோம். நீதிபதி செய்தால் ஆவணம் என்கிறோம். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1975இல் வந்து, 1977இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. அந்த நாவலோ பண்ணையாரின் வன்முறைக்கான வேரை அவருடைய ஆண்மைக் குறையில் தேடியது. வர்க்கமும் சாதியும் கூலியும் பின்னால் போய், தனிமனித உளவியல் முன்னால் வந்தது. தீர்ப்பு, நாவல் இரண்டுமே பண்ணையார் எப்படிப்பட்ட ஆள் என்பதைச் சுற்றியே சுழன்றன.

ஒரு கட்டத்தில் இருப்பது உண்மை, இன்னொன்றில் இருப்பது கற்பனை என்று வாசகருக்குச் சொல்லிக்கொடுக்கிற பட்டியல், தீர்ப்பை எதிர்த்து வாசிக்கிற உரிமையையும் பறித்துவிடுகிறது என்று சொன்னால் மிகையாகுமா?

4

'சரிங்க, பட்டியலே கூடாதுங்கிறீங்களா? புதுசா படிக்க வர்றவன் எதுலருந்து ஆரம்பிப்பான்?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பட்டியல் வேண்டாம் என்று சொல்வது ஏற்கெனவே நிறையப் படித்தவனின் சொகுசு. வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைக்குப் பட்டியல் ஒரு கைப்பிடி. பிரச்சினை பட்டியலில் இல்லை, அது வாசகரை அழைக்கிற விதத்தில் இருக்கிறது.

அறுபதுகளின் கடைசியில் ரோலாண் பார்த் ஆசிரியரின் மரணத்தை அறிவித்து வாசகரின் பிறப்பை வரவேற்றார். நமது சிற்றிதழ்கள் அதை உற்சாகமாகப் பேசின. ஆனால் பிறந்த வாசகருக்கு முகமில்லை, சாதியில்லை, ஷிப்ட் வேலையில்லை. அல்துஸ்ஸர் 1970இல் எழுதிய கட்டுரை இந்த இடத்தில் கூடுதலாக உதவுகிறது. தெருவில் போகிறவரைப் பார்த்துப் போலீஸ்காரர் 'ஏய்' என்று கூப்பிட, திரும்பிப் பார்க்கிற கணத்திலேயே அவர் அந்தக் கூப்பாட்டுக்குரிய ஆளாக ஆகிவிடுகிறார் என்கிறார் அவர். பட்டியலும் இப்படித்தான் கூப்பிடுகிறது. 'பெண்களுக்கு' என்று கூப்பிட்டால் திரும்புகிறவர் சமையல் புத்தகத்தின் முன்னால் நிற்கிறார். 'உழைப்பாளிகளுக்கு' என்றால் திரும்புகிறவர் சங்க வரலாற்றின் முன்னால் நிற்கிறார். அக்கா செய்தது என்ன? கூப்பிட்டதும் திரும்பவில்லை. யாரைக் கூப்பிடுகிறாய் என்று கேட்டார்.

நமது ஊர்க்காரர் ஒருவர் இதை எப்போதோ யோசித்திருக்கிறார். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதினார். வாசகருக்கு அவருக்குரிய நூல், நூலுக்கு அதற்குரிய வாசகர் என்று அதில் இரண்டு விதிகள் வரும். மேலோட்டமாகப் பார்த்தால் என் ஆறு கட்டப் பட்டியலுக்கு அவர் சான்றிதழ் தருவதுபோலத் தோன்றும். ஆனால் மேட்டுக்குடி–பாமரர், ஆண்–பெண், நகரம்–கிராமம் என்ற வேலிகளைப் பிடுங்கத்தான் அந்த விதியை அவர் விளக்கினார். யாருக்குரிய நூல் எது என்பதை வாசகரே தேடிக் கண்டடைய அலமாரி திறந்திருக்க வேண்டும் என்றார். நம் அலமாரிகளோ பல ஊர்களில் பூட்டியே கிடக்கின்றன.

1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவுக்கே முன்னோடி. அதன்படி வீட்டுவரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகிறது. ஓட்டுவீட்டுக்கு வரி கட்டுகிற அந்த அக்காவும் நூலகத்துக்குப் பணம் கொடுத்தவர்தான். என்ன புத்தகம் வாங்குவது என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

வாசிப்பு என்பது ஒருவர் தனியே உட்கார்ந்து செய்கிற காரியம் என்ற எண்ணமே 'எந்த வாசகருக்கு' என்ற கேள்வியை உண்டாக்குகிறது. நமது நாட்டில் அது வெகுகாலம் அப்படி இருந்ததில்லை. அல்லி அரசாணி மாலையையும் பெரிய எழுத்துக் கதைகளையும் ஒருவர் ராகம் போட்டு வாசிக்க, தெருவே கேட்டது. டீக்கடையிலும் சலூனிலும் ஒருவர் பேப்பர் வாசிக்க, பத்துப் பேர் கேட்டு, அரசியல் வளர்ந்தது. அந்தப் பத்துப் பேர் எந்தக் கட்டத்தில் அடங்குவார்கள்?

எங்கள் படிப்பகத்தில் 'எரியும் பனிக்காடு' ஏழு சாயங்காலம் சத்தம்போட்டு வாசிக்கப்பட்டது. மூன்றாம் நாள் எழுத்துத் தெரியாத ஒரு பாட்டி குறுக்கிட்டார். 'எங்கய்யா கூடப் பொறந்தவுக தேயிலைக் காட்டுக்குப் போனவுகதான், திரும்பல' என்று தொடங்கி அரைமணி நேரம் பேசினார். வாசிப்பு நின்றது. நாவல் எங்கே முடிந்தது, வரலாறு எங்கே தொடங்கியது என்று அந்த அறையில் யாராலும் கோடு கிழிக்க முடியவில்லை.

5

பழைய பட்டியலைக் கிழித்துவிட்டுக் கூட்டத்திலேயே உட்கார்ந்து வேறொன்று போட்டோம். கட்டங்களை எடுத்தோம். ஒரு நூலோடு வாக்குவாதம் செய்யக்கூடிய இன்னொரு நூலைப் பக்கத்தில் வைத்தோம். புனைவும் அபுனைவும் ஒன்றையொன்று குறுக்கு விசாரணை செய்யட்டும் என்பது எண்ணம். சிலவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

'என் சரித்திரம்', பக்கத்தில் இரட்டைமலை சீனிவாசனின் 'ஜீவிய சரித்திர சுருக்கம்'. முன்னது 1940இலிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்து 1950இல் நூலானது. பின்னது 1939இல் வந்த சின்னப் புத்தகம். ஒரே காலத்துப் பிள்ளைகள் இருவர் கல்வி தேடிப் போகிறார்கள். ஒருவருக்கு வறுமை தடை. குருவின் வீட்டுத் திண்ணை திறந்திருக்கிறது. இன்னொருவர் கோயம்புத்தூர்ப் பள்ளியில் தன் சாதி தெரிந்துவிடுமோ என்று சக மாணவரோடு விளையாடவே அஞ்சி, மணியடித்த பிறகுதான் வகுப்புக்குள் போகிறார். ஒருவர் ஏன் தன்னைப் பற்றிப் பெரும் புத்தகம் எழுத முடிகிறது, ஒருவர் ஏன் சுருக்கமாக முடித்துக்கொள்கிறார் என்பதை இரண்டையும் சேர்த்துப் படித்தால் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976), அவருடைய 'கரிசல் வட்டாரச் சொல்லகராதி' (1982), பூமணியின் 'பிறகு' (1979). மூன்றும் எங்கள் மண். அகராதியைப் பார்வை நூல் என்று பூட்டி வைக்காமல் கதைபோலப் படிக்கலாம். வடக்கேயிருந்து வந்தவர்கள் காடு திருத்தி ஊர் சமைத்த கதை 'கோபல்ல கிராமம்'. அந்த மாதிரி ஊருக்குச் செருப்புத் தைக்க வந்து சேர்கிற அழகிரியின் கண்ணில் அதே கரிசல் எப்படித் தெரிகிறது என்பது 'பிறகு'. ஊரிலிருந்து பார்க்கிற காடும் சேரியிலிருந்து பார்க்கிற காடும் ஒன்றில்லை.

'எரியும் பனிக்காடு', புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி', சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்'. ஆனைமலையும் இலங்கை மலையகமும் ஒரே கங்காணி முறையின் இரண்டு கரைகள். டாக்டர் எழுதியது, எழுத்தாளர் எழுதியது, தொழிலாளர் தாமே பாடியது என்று மூன்று குரல்கள். மூன்றாவது குரலுக்கு ஆசிரியர் பெயர் இல்லை.

'டோட்டோ-சான், ஜன்னலில் ஒரு சிறுமி'. என் பழைய பட்டியலில் இது குழந்தைகளுக்கு, புனைவு என்ற கட்டத்தில் இருந்தது. இரண்டும் தப்பு. ஜப்பானில் 1945 குண்டுவீச்சில் எரிந்துபோன ஒரு பள்ளியின் நிஜக் கதை அது. எழுதியவர் அங்கே படித்த தெட்சுகோ குரோயநாகி. எங்கள் படிப்பகத்தில் முதலில் அதை எடுத்துப்போனவர், பையனைப் பள்ளிக்கூடத்தில் 'சேட்டை' என்று திருப்பியனுப்பிய ஒரு தாய். இதன் பக்கத்தில் 'கருக்கு'. பள்ளிக்கூடம் ஒரு பிள்ளையை எப்படி ஏற்கிறது, எப்படித் தள்ளுகிறது என்பதைப் பற்றிய இரண்டு நினைவுகள்.

ரேவதி தொகுத்த 'உணர்வும் உருவமும்' (2004), லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' (2007). ஆண்களுக்கு, பெண்களுக்கு என்று பட்டியல் போடுகிறவர் இந்த இரண்டையும் எங்கே வைப்பார் என்று கேட்பதற்காகவே இவை முதல் தட்டில் இருக்கின்றன.

ஒரு தோல்வியையும் சொல்லிவிடுகிறேன். இளைஞர்கள் டி.என்.பி.எஸ்.சி. வழிகாட்டிகள் வேண்டும் என்றார்கள். பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போகும். இலக்கியத்துக்குப் போகிற பணம் இப்படிப் போவதா என்று வாதாடினேன். 'உங்களுக்குச் சம்பளம் வருது சார், நீங்க நாவல் படிக்கலாம்' என்றான் ஒருவன். தோற்றேன். தோற்றது சரி என்றுதான் இப்போது நினைக்கிறேன். வேலைக்கான புத்தகத்தை இழிவாகப் பார்க்கிற தீவிரம், பசியை இழிவாகப் பார்க்கிற தீவிரம்தான். வழிகாட்டி எடுக்க வருகிறவன் ஒருநாள் கை நீட்டிப் பக்கத்துப் புத்தகத்தையும் எடுக்கட்டும் என்று எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் வைத்திருக்கிறோம். எடுக்காவிட்டாலும் அவனுக்கு வேலை கிடைக்கட்டும்.

பட்டியல் போடுகிற நண்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். பட்டியலின் கீழே உங்கள் பெயரைப் போடுங்கள்; பொதுவின் பெயரால் பேசாதீர்கள். ஒவ்வொரு நூலுக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். ரசனை என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். மூன்றாவது, வாசகர் எழுதுவதற்குப் பட்டியலில் இடம்விடுங்கள். எங்கள் படிப்பகத்தின் பதிவேட்டில் பெயர், தேதி, நூல் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் 'என்ன சண்டை' என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறோம். திருப்பித் தரும்போது அந்த நூலோடு என்ன சண்டை என்று எழுத வேண்டும்.

முதலில் கேள்வி கேட்ட அந்த அக்கா 'குருதிப்புனல்' எடுத்துப் போனார். ஷிப்ட் முடிந்து வந்து படித்ததால் திருப்பித்தர ஒரு மாசம் ஆயிற்று. பதிவேட்டில் எழுதியிருந்தது: 'நாயுடு கதை நல்லா தெரியுது. வெந்தவங்க பேரு என்ன?'

பதில் வெண்மணியில் இருக்கிறது. நினைவிடத்துக் கல்லில் 44 பெயர்களும் வெட்டப்பட்டிருக்கின்றன. பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில். அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி, 'குருதிப்புனல்' பிரதிக்குள் மடித்து வைக்கலாம் என்று அவர் சொன்னார். வருகிற டிசம்பர் 25 அன்று ஒரு வேன் பிடித்துக் கீழ்வெண்மணிக்குப் போய் எழுதிக்கொண்டு வருவதாக இருக்கிறோம்.